வாயில்லாப் பூனை உலகாண்ட வரலாறு

சென்ற தவணையில் ஒரு நாள் ஓவிய ஆசிரியை விடுப்பில் இருந்தமையால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரப் பாடம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. எனக்குச் சித்திரம் வராது. ஆகவே, "உங்கள் வீட்டுப் பூனையை வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு மேசையருகே அமர்ந்தேன். தோட்டத்து லயங்களில் பூனை வளராத வீடு அரிது. ஆயினும் பதினொரு பிள்ளைகளுள் எழுவர் ஒரே பூனையைத்தான் வரைந்திருந்தனர். முட்டையைக் கிடத்தி வைத்தாற்போன்ற அகன்ற முகம். புள்ளி புள்ளியாக இரு கண்கள். பக்கத்துக்கு மூன்றாக மீசை. ஒரு காதின்மேல் சிவப்பு நாடா முடிச்சு. "வாய் எங்கே?" என்று கேட்டேன். "அதுக்கு வாயே கெடையாதுங்க ஐயா" என்று ஒரு சிறுமி தன் பென்சில் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். ஆம், அதற்கு வாய் இல்லை.

அப்பூனையின் பெயர் ஹலோ கிட்டி. நம் கம்போங் ராஜா கேமரன் மலையின் வடகோடியில் உள்ள சிற்றூர். ஒரு புறம் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள். இருப்பினும் ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே மலையேறி வருவோர் ஸ்ட்ராபெரிப் பழத்தோடு பழவடிவத் தலையணையையும், பூனைமுகச் சாவிக்கொத்தையும், மஞ்சள் நிறப் பிக்காச்சு பொம்மையையும் வாங்கிச் செல்லும் காட்சியை வாரந்தோறும் காண்கிறோம். இவ்வுருவங்கள் பிறந்த நாடு ஜப்பான். பொருள்களாகச் செய்யப்பட்டது பெரும்பாலும் சீனத்தில். உரிமை பெற்றுச் செய்தவை எவை, பெறாமற் செய்தவை எவை என்பதை விற்கின்றவரே அறியார்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பற்றி ஆராய்ச்சிப் பகுதியில் எழுதுவதா என அன்பர் சிலர் எண்ணக்கூடும். பட்டினப்பாலை பாடிய புலவர், காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்ட வந்தவிடத்து, சிறுவர் உருட்டிய மூன்றுருளைத் தேரை ஒதுக்கிவிடவில்லை. ஒரு நாட்டின் வாணிகமும் வறுமையும் அந்நாட்டுப் பொம்மையில் தெரியும். மேலும், ஜப்பானியப் பொம்மை தமிழர் இல்லத்துக்குள் வருவது இது முதல் முறையன்று. முன்னும் ஒருமுறை வந்தது. அவ்விரு வருகைக்கும் இடையே வந்தவை பொம்மைகள் அல்ல.

கொஞ்சுதற்குரியவை

இவ்வுருவங்களின் தன்மையை ஜப்பானியர் 'கவாயீ' என்ற ஒரு சொல்லாற் குறிப்பர். பார்த்தவுடன் எடுத்துக் கொஞ்சத் தோன்றுவது என்று அதற்குப் பொருள் கூறலாம். மொழியாசிரியர்க்குச் சுவை தரும் சொல் அது. அதன் பழைய வடிவம் முகம் சிவத்தலை, அதாவது நாணத்தைக் குறித்தது. பின்னர் இரங்கத்தக்கது எனப் பொருள் திரிந்தது. அதன் பின்னரே அன்பு செய்யத்தக்கது என்னும் இன்றைய பொருளை எய்தியது. சிறியது, ஆற்றலற்றது, பிறர் துணையை வேண்டி நிற்பது ஆகியவற்றின்மீது எழும் அன்பு இச்சொல்லின் வேரிலேயே உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் அரசியின் தோழியாக இருந்த செய் ஷோனாகோன் என்பாள், தன் 'தலையணை நூலில்' இத்தகைய சிறு பொருள்களை ஒரு பகுதியில் தொகுத்து வைத்தாள். முலாம்பழத்தின்மேல் வரைந்த குழந்தை முகமும் அத்தொகுப்பில் இடம் பெறுகின்றது. அவள் ஆண்ட சொல் வேறு, உணர்ச்சி இதுவே.

தமிழர்க்கு இவ்வுணர்ச்சி புதிதன்று. கடவுளையும் அரசனையும் தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. சூரனை வென்ற வேலவனைச் சப்பாணி கொட்டச் சொல்லும் உரிமை வேறெம்மொழியில் இவ்வளவு விரிவாகக் கிடைக்கின்றது? ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். பிள்ளைத்தமிழ்க் குழந்தை வளர்வது. காப்பிலே தொடங்கிச் செங்கீரை ஆடி, அம்புலியை அழைத்து, சிறுதேர் உருட்டும் வரை பத்துப் பருவங்களைக் கடக்கின்றது. ஜப்பானியப் பூனைக்கோ பருவம் ஒன்றே. அது ஏன் என்பது அதன் பிறப்பை அறியும்போது விளங்கும்.

கையும் காலும் இல்லாத துறவி

இன்றைய உருவங்களுக்கு மூத்ததொன்று உண்டு. அதன் பெயர் தருமா. உருண்டை வடிவம், சிவப்பு நிறம், கையில்லை, காலில்லை, மீசையும் அடர்ந்த புருவமும் உண்டு. கண்கள் இரண்டும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். வாங்குவோர் ஏதேனும் ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மையிடுவர். வேண்டியது கைகூடிய பின் மறுகண்ணைத் திறப்பர். தள்ளினால் விழுந்து தானே எழுந்து நிற்கும். சீனத்திலிருந்து வந்த 'விழா முதியவர்' என்னும் பொம்மையின் வழிவந்தது இது என்பர். 1697-இல் தக்காசாக்கி நகரில் தருமா கோயில் ஒன்று எழுந்தது. 1783-இல் அசாமா எரிமலை வெடித்துப் பஞ்சம் பரவியபின், பிழைப்பிழந்த உழவர்க்கு அக்கோயில் துறவி ஒருவர் காகிதக் கூழால் தருமா செய்யும் தொழிலைக் கற்பித்தார் என்பது அவ்வூர் வழக்கு. இன்றும் அந்நாட்டுத் தருமாக்களுள் பெரும்பகுதி அந்நகரிற் செய்யப்படுபவை. அம்மை நோய் கண்ட பிள்ளைகளின் அருகே சிவப்புத் தருமாவை வைத்தலும் அக்கால வழக்கம். நம் வீடுகளில் வேப்பிலை செருகியதை இவ்விடத்து நினைவு கூரலாம்.

தருமா என்பது போதிதருமரின் சுருக்கம். அவர் காஞ்சிப் பல்லவர் குலத்து இளவரசர் என்று நம்மனோர் பெருமையுடன் கூறுவர். 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படத்துக்குப்பின் என் மாணவர்களும் கூறுகின்றனர். இங்கே ஆசிரியர்கள் சற்று நிதானிப்பது நலம். கி.பி. 547-ஐ ஒட்டி எழுதப்பெற்ற மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. சிறிது பிற்பட்ட மற்றொன்றே அவரைத் தென்னிந்தியர் என்றும், பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்றும் கூறுகிறது. காஞ்சி என்பதும் பல்லவர் என்பதும் இவற்றுக்கும் பின்னர் வந்த உரைகளில் நிற்பவை. தென்னாட்டார் என்று கொள்ள இடமுண்டு. அதற்குமேல் வலியுறுத்தச் சான்று போதாது.

ஆயின் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் சொல்ல வேண்டிய கதை ஒன்றுண்டு. அவர் ஒன்பதாண்டு சுவரை நோக்கித் தவமிருந்தார், ஒருநாள் உறங்கிவிட்டார், விழித்துச் சினந்து தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தார், அவை விழுந்த இடத்தில் முளைத்த செடியே தேயிலை. தவத்திற் கையும் காலும் சூம்பின. அதனாற் பொம்மைக்கு அவை இல்லை. கதைதான். ஆனால் இதை வகுப்பிற் சொன்ன அன்று, தாய் தந்தையர் கொழுந்து பறிக்கும் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தஞ்சையிலும் விழுந்தெழும் பொம்மை உண்டு. கனத்த அடிப்பாகமும் பளபளக்கும் வண்ணமும் கொண்ட ராஜா, ராணி பொம்மைகளைத் தமிழாசிரியர் அறிவர். 2008-ஐ ஒட்டிப் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. தஞ்சைப் பொம்மைக்கும் தருமாவுக்கும் இயங்கும் முறை ஒன்றே. ஒன்று கொலுப்படியோடு நின்றது. மற்றொன்று உலகெங்கும் அறியப்பட்டது. இஃது ஏன்? கைவினைத் திறனிலே குறை காண இயலாது. வாணிகத்திலேதான் காண வேண்டும்.

கற்பூர நெடியுடன் வந்த பொம்மை

போருக்கு முன் தமிழ்நாட்டுக் கொலுக்களில் ஜப்பான் பொம்மை என்று ஒருவகை இடம் பெற்றிருந்தது. மெல்லிய, ஊதினால் பறக்கும் செல்லுலாய்டுப் பொம்மை அது. நீந்தும் வாத்து, கைகால் அசையும் குழந்தை, கண் உருளும் மீன் எனப் பலவகை. மூத்தோர் வீட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு இன்றும் இருக்கலாம். முகர்ந்து பார்த்தால் பூசையறை நெடி வீசும். காரணம், செல்லுலாய்டு என்பது வெடியஞ்சேர்ந்த பஞ்சோடு கற்பூரத்தைக் கலந்து செய்வது. அமெரிக்கர் ஹையாட் 1870-ஐ ஒட்டி இதனைத் தொழிலாக்கினார். கற்பூரம் இன்றேல் செல்லுலாய்டு இல்லை. அக்காலத்தில் உலகின் கற்பூரத்திற் பெரும்பகுதி தைவான் காடுகளிலிருந்து வந்தது. தைவானோ 1895 முதல் ஜப்பானியர் கையில் இருந்தது. 1899-இல் கற்பூரம் அவர்களுடைய அரசின் ஏகபோகம் ஆயிற்று.

தமிழ் வணிகர்க்கும் கற்பூரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழு அங்கே நிலைகொண்டிருந்ததைக் காட்டுகின்றது. பாரூஸ் துறை கற்பூரத்தாற் புகழ் பெற்றது. அம்மரம் வேறு, தைவான் மரம் வேறு என்பது உண்மையே. எனினும், நாம் கடவுள்முன் எரித்த பொருளை வேறொருவர் பொம்மையாக்கி நம்மிடமே விற்றனர் என்பது எண்ணத்தக்கது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பொம்மைகள் கடல் கடக்க இயலாது போயின. அந்த வெற்றிடத்தை ஜப்பானியர் நிரப்பினர். அமெரிக்க ஓவியர் ரோஸ் ஓநீல் 1909-இல் படைத்த 'கியூப்பி' என்னும் கொழுகொழு குழந்தையைச் செல்லுலாய்டில் வார்த்து மலிவாய் அனுப்பினர். 1920-களின் இறுதியில் இத்தொழிலில் அவர்கள் உலகின் முன்வரிசையில் நின்றனர். பிறர் உருவத்தை வாங்கியும் வாங்காமலும் நகல் செய்து விற்ற காலம் அது. இன்று அவர்கள் உருவத்தை மற்றவர் நகல் செய்கின்றனர். செல்லுலாய்டில் ஒரு கேடு உண்டு. தீப்பொறி பட்டாற் போதும். 1932 டிசம்பர் 16-இல் டோக்கியோவில் ஷிரோக்கியா என்னும் பேரங்காடியின் பொம்மைப் பகுதியிற் பிடித்த தீ 14 உயிர்களைக் கொண்டது.

மலாயாவில் அந்நாளைய ஜப்பானியர் என்றால் பட்டணத்துப் படம் பிடிப்பவர், பல் வைத்தியர், மலிவுச் சாமான் கடைக்காரர். 1934-இல் ஆங்கில அரசு ஜப்பானியத் துணி இறக்குமதிக்கு அளவு விதித்தது. 1937-இல் சீனத்தின்மீது போர் மூண்டபின் இங்குள்ள சீனர் ஜப்பானியப் பண்டங்களைப் புறக்கணித்தனர். தமிழர் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றனர். அவர்களுக்கு ஜப்பான் என்பது தொலைவிலுள்ள பொம்மை நாடு.

1941 டிசம்பர் 8-இல் அந்நாட்டுப் படை கோத்தா பாருவில் கரையேறியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் நடந்ததை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1943 அக்டோபரில் அது முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டவர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். காலராவிலும் மலேரியாவிலும் புண்ணிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவரின் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. அந்நாளில் இங்கே புழங்கிய ஜப்பானிய நோட்டில் வாழைமரமும் குலையும் அழகாய் அச்சிடப்பட்டிருந்தன. 1945-இல் அது வெறுங்காகிதமாயிற்று. பாட்டிமார் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தனர்.

தகர டப்பாவிலிருந்து

தோற்ற ஜப்பானில் உணவில்லை, மூலப்பொருள் இல்லை. 1945 டிசம்பரில், ஓட்சு என்னும் ஊரிலிருந்த கொசுகே என்ற பொம்மைத் தொழிலாளி, அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த தகர டப்பாக்களைத் தட்டிச் சிறு ஜீப்பு வண்டி செய்தார். தெருவில் ஓடிய வெற்றியாளரின் வண்டியே அதற்கு மாதிரி. கியோத்தோவில் விற்பனைக்கு வந்ததும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். 1947-இல் ஏற்றுமதிக்கு இடங்கிடைத்தபோது வெளிநாடு சென்ற முதற் பண்டங்களுள் பொம்மையும் ஒன்று. 1952 வரை அவற்றுட் பலவற்றின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சிறிது, மலிவு, மூலப்பொருள் மிகக் குறைவு, கைத்திறன் மிகுதி: வறியவன் விற்கக்கூடிய பண்டம் அதுவே.

அடுத்த திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது. 1963 ஜனவரி 1-இல் ஒசாமு தெசுகாவின் 'இரும்புக்கை அணுச்சிறுவன்' என்று சொல்லத்தக்க அட்டம் வாரந்தோறும் வரத் தொடங்கினான். படத்தை விற்ற விலை, எடுத்த செலவுக்குக் காணவில்லை. குறையை ஈடுசெய்தது அவ்வுருவத்தைப் பிறர் பயன்படுத்த அளித்த உரிமைக் கட்டணம். நிகழ்ச்சியை வழங்கிய மெய்ஜி மிட்டாய் நிறுவனம் தன் சாக்லேட் குழலோடு அட்டம் ஒட்டுப்படங்களைச் சேர்த்தளித்தது. பிள்ளைகள் படத்துக்காகச் சாக்லேட் வாங்கினர். ஒரு முகத்தை ஆயிரம் பண்டத்தின்மேல் ஒட்டி ஆயிரம் பேரிடம் கட்டணம் பெறலாம் என்பதை ஜப்பானியர் இங்கே நன்கு கற்றுக்கொண்டனர். தஞ்சைப் பொம்மைக்கு இல்லாதது இவ்வொன்றே. அதனை வாங்கலாம், அதன் முகத்தை வாங்க இயலாது.

1960-இல் ஷிந்தாரோ சுஜி என்பவர் யாமானாஷி மாநிலத்தின் பட்டை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னர் ரப்பர்ச் செருப்பு விற்றபோது, சிறு பூவொன்று வரைந்த செருப்பு மற்றதைவிட விரைந்து விலைபோவதைக் கண்டார். பிறகு ஸ்ட்ராபெரிப் பழம் வரைந்த பண்டங்களை இறக்கினார். அதுவும் நன்றாக விற்றது. நம் மலைக் கடைக்காரர்கள் ஸ்ட்ராபெரிக் குடையும் ஸ்ட்ராபெரிக் காலணியும் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இச்செய்தி எனக்கு நினைவில் வரும். 1973-இல் அந்நிறுவனம் சான்ரியோ எனப் பெயர் மாறியது. பிறர் உருவத்துக்குக் கட்டணம் கட்டுவதைவிடத் தமக்கென ஒன்று வேண்டும் என எண்ணினர். 1974-இல் யூக்கோ ஷிமிசு என்னும் ஓவியப் பெண் வரைந்த பூனை, 1975-இல் சில்லறைக் காசு வைக்கும் சிறு பையின்மேல் முதன்முதலாக வெளிவந்தது. பாற்புட்டிக்கும் பொன்மீன் தொட்டிக்கும் நடுவே அது அமர்ந்திருந்தது.

மிக்கி எலி 1928-இல் திரையில் ஆடிப் புகழ்பெற்ற பின்னரே கடைக்கு வந்தது. கிட்டிக்கு முதலிற் கதையில்லை, படமில்லை, பாட்டில்லை. அது பிறந்ததே காசுப்பையின்மேல். பிறந்த ஊர் லண்டன் என்றும், உயரம் ஐந்து ஆப்பிள், எடை மூன்று ஆப்பிள் என்றும் சிறு குறிப்பு எழுதி வைத்தனர், அவ்வளவே. வாய் ஏன் இல்லை என்று கேட்டோர்க்கு, பார்ப்பவர் மகிழ்ந்திருந்தால் அதுவும் மகிழ்ந்திருப்பதாகவும், வருந்தினால் வருந்துவதாகவும் தோன்றும் என்று விடை தந்தனர். தருமாவின் வெள்ளைக் கண்ணை இவ்விடத்து எண்ணிப் பாருங்கள். வாங்குபவன் நிரப்புவதற்கென ஓரிடத்தை வெறுமையாக விட்டு விற்கும் கலை அங்கே பழையது. வேடிக்கை என்னவெனில், 2014-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மானிடவியலறிஞர் கிறிஸ்டின் யானோ கண்காட்சி ஒன்றுக்கு எழுதிய குறிப்பிலே பூனை என்று சொல்லப்போக, அது பூனையன்று, சிறுமி என்று நிறுவனத்தார் திருத்தினர். மூன்றாம் வகுப்பு மாணவியாம்! ஐம்பது ஆண்டு கடந்தும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மாணவியை எந்தப் பள்ளியும் ஏற்காது. ஆனால் பருவம் மாறாதிருப்பதே அதன் பிழைப்பு. வளர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டுச் சிறுமிக்கு அதை விற்க இயலாது.

தலைமையாசிரியர் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1970-களில் ஜப்பானியப் பள்ளிச் சிறுமியர் தம் எழுத்துகளை உருட்டி உருட்டி எழுதத் தொடங்கினர். எவரும் கற்பிக்கவில்லை, தோழியிடமிருந்து தோழிக்குப் பரவியது. ஆசிரியர் படிக்க இயலாமல் திண்டாடினர். சில பள்ளிகள் தடை செய்தன. 1980-களில் யாமானே என்ற எழுத்தாளர் இதனை ஆய்ந்து நூலும் எழுதினார். நிறுவனங்கள் அவ்வெழுத்தைத் தம் பண்டங்களுக்கு எடுத்துக்கொண்டன. ஆகவே இக்கொஞ்சுமுகம் முழுவதும் முதலாளிகள் ஆக்கியதன்று. வகுப்பறையின் கடைசி இருக்கையில் பிறந்ததை அவர்கள் கடைக்குக் கொண்டு சென்றனர் என்பதே பொருத்தம். (நம் எழுத்தோ இயல்பாகவே உருண்டது. ஓலை கிழியாமலிருக்க உருண்டது என்பர். அதனையும் கோணலாக எழுதும் என் மாணவர்களைப் பற்றிப் பிறிதொரு நாள் எழுதுகிறேன்.)

பிறவற்றை விரைந்து சொல்லி விடலாம். வருங்காலத்திலிருந்து வந்த நீலப்பூனை டோராமோன் 1970 முதல் அச்சிலும் 1979 முதல் தொடர்ந்து திரையிலும் வாழ்கிறது. அது துணை நிற்கும் நொபித்தா தேர்விற் சுழியம் வாங்கும் பையன். மலாய் பேசும் டோராமோனோடு வளர்ந்த என் மாணவர்க்கு அவன்மேல் தனிப் பரிவு. 1996 பிப்ரவரியில் வந்த போக்கிமோன், சிறுவயதிற் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தாஜிரியின் நினைவில் உருவானது. இம்மலையில் கொம்பு வண்டு பிடித்துப் பழகிய சிறுவர்க்கு அதன் இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. 2008-இல் ஜப்பானிய அயலுறவு அமைச்சு டோராமோனைத் தன் சித்திரப்படத் தூதராகவே அறிவித்தது. ஒரு காலத்தில் படைத்தலைவரை அனுப்பிய நாடு பூனையைத் தூதனுப்பியது.

நம் வாசலில்

இரண்டாம் முறை பொம்மை இங்கே எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 2000 ஜனவரியில் மெக்டானல்ட்ஸ் உணவகங்கள் திருமணக் கோலத்தில் கிட்டி இணைகளை விற்றபோது மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றனர். கைகலப்பு நேர்ந்தது. பூன் கெங் கிளையில் நெரிசலிற் கண்ணாடிக் கதவு நொறுங்கிச் சிலர் காயமுற்றனர். உணவை வாங்கி உண்ணாமல் எறிந்தவரும் உண்டு. அந்நகர் வீழ்ந்து அப்போது அறுபதாண்டும் நிறையவில்லை.

ஜொகூரின் புத்ரி துறைமுகத்தில் 2012-இல் ஹலோ கிட்டி நகர் என்னும் கேளிக்கையகம் திறக்கப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே இவ்வகையில் அதுவே முதல். எம் பள்ளிப் பெற்றோர் ஒருவர் கடன் வாங்கிப் பிள்ளையை அழைத்துச் சென்று வந்தார். 2019 இறுதியில் அது மூடப்பட்டது. இதனிடையே நம் நாடும் பாடம் கற்றது. 2007-இல் தோன்றிய உப்பின், இப்பின் இரட்டையர் புத்தகப்பையிலும் தண்ணீர்ப்புட்டியிலும் ஏறிவிட்டனர். அக்கம்பத்திலே ராஜு என்ற தமிழ்ச் சிறுவனும் முத்து என்ற கடைக்காரரும் உள்ளனர். நம் பிள்ளைகள் கடையிற் கேட்பது மொட்டைத்தலை இரட்டையரைத்தான்; ராஜுவின் முகம் போட்ட பையை நான் கம்போங் ராஜாவில் இன்னும் காணவில்லை.

1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்தன. இழப்பீடு என்ற சொல்லைத் தவிர்த்து நல்லெண்ணம் என்ற பெயரில் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவி வந்தது. அதில் இரு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. நம் இளைஞர் அங்கே சென்று கற்றனர். அவர்தம் தொழிற்சாலைகள் இங்கே வந்தன. ஓய்வுபெற்ற ஜப்பானியர் குளிர்ச்சியை நாடி இம்மலையில் மாதக்கணக்கில் தங்கும் வழக்கமும் ஏற்பட்டது. அவர்களுள் ஒரு முதியவர் எம் பள்ளி வேலியருகே நின்று பிள்ளைகளுக்குக் காகித நாரை மடித்துக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். மிக நல்ல மனிதர்.

மேற்சொன்ன சித்திரப் பாடத்துக்குப்பின் ஒரு மாதங்கழித்து, பென்சில் பெட்டிச் சிறுமியின் பூட்டி பள்ளிக்கு வந்தார். சிறுமியின் தாய் கொழுந்துக் காட்டில் இருந்தமையால் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட அவர் வந்தார். கையெழுத்து என்றது பெருவிரல் ரேகை. அகவை எண்பதுக்குமேல். பேச்சுவாக்கில் பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு சாமானுங்க ஐயா?"

"பொம்மை ஜப்பான்காரங்களோடதும்மா. பெட்டி சீனத்துல செஞ்சது."

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கப்பாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனப்ப நான் கைக்கொழந்தைங்க. அதுக்கு முன்னாடி பட்டணத்துல இருந்து ஒரு ரப்பர் வாத்து வாங்கியாந்து குடுத்தாராம். ஜப்பான் வாத்துன்னு அம்மா சொல்லுவாங்க. அத வச்சிக்கிட்டுத்தான் நாங்க அவர நெனைச்சிக்கிட்டிருந்தோம்."

அவர் ரப்பர் என்று சொன்னது செல்லுலாய்டாகவே இருந்திருக்க வேண்டும். அந்த வாத்து இப்போது உண்டா என்று கேட்டேன். அடுப்பருகே வைத்தபோது தீப்பற்றி ஒரு நொடியில் எரிந்துபோயிற்றாம். வீடெல்லாம் சூடம் கொளுத்தினாற்போல் மணத்ததாம்.

அவர் பெட்டியைப் பூட்டன் பேத்தியிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு நடந்தார். மறுவாரம் ஆறாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் சயாம் ரயில்பாதையை நடத்தினேன். பாடநூலில் அதற்கு இருந்த இடம் சிறிது. கரும்பலகையில் பான்போங்கிலிருந்து தான்பியூசாயாட் வரை கோடு கிழித்து, தத்தம் வீட்டிலிருந்து அங்கே சென்றவர் எவரேனும் உண்டா என்று கேட்டு வருமாறு பணித்தேன். பதினான்கு பேரில் ஐவர் பெயரோடு வந்தனர். அப்பெயர்களை அவர்கள் எழுதிக் கொணர்ந்த தாள்களுள் இரண்டில், மூலையில், அந்த வாயில்லாப் பூனை அச்சிடப்பட்டிருந்தது.